ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனி டேப்பை எடுங்கள்

கும்பகோணம் பக்கம் ஐம்பது தாண்டிய ஆணிடம் இடுப்பளவு கேட்டால் பேன்ட் சைஸைத்தான் சொல்வார். அது செல்லாது. பேன்டும் சரி, அரைஞாண் கயிறும் சரி, தொப்பைக்குக் கீழே நழுவி உட்கார்ந்துகொள்ளும், வயிறு எவ்வளவு பெருத்தாலும் அந்த எண் பெரிதாக மாறாது. அதனால் இதய அடைப்புக்கு ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்துக்கொண்டவருக்கு முதல் வேலை, தையல்காரர் டேப் ஒன்று வாங்குவது.

காலையில் வெறும் வயிற்றோடு சட்டையைக் கழற்றிவிட்டு நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டதும் அளவைப் பாருங்கள். எக்காதீர்கள், பெண் பார்க்கவா வந்திருக்கிறார்கள்? இந்திய ஆண்களுக்கு எல்லை 90 செ.மீ.

கொழுப்பை நாம் பத்தாயத்து நெல் மாதிரி நினைத்துக்கொள்கிறோம், தேவைப்படும்வரை சும்மா கிடக்கும் என்று. கிடக்காது, அது ஹார்மோன் சுரக்கும். 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் 'போதும், கையைக் கழுவு' என்று மூளைக்குச் சொல்கிற ஹார்மோன். கொழுப்பு கூடினால் இதுவும் கூடும், ஆனால் மூளை காதில் போட்டுக்கொள்ளாது. கொழுப்பு சுரக்கும் இன்னொரு ஹார்மோனான அடிப்போனெக்டின் தலைகீழ். இன்சுலினுக்குக் கைகொடுத்து ரத்தக்குழாய்ச் சுவரின் அழற்சியைத் தணிக்கிற அது, தொப்பை வளர வளரக் குறையும். போதாக்குறைக்கு வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேரே ஈரலுக்குப் பாயும், ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு ஏறும், நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் இறங்கும். ஸ்டென்ட் ஒரு அடைப்பைத் திறந்துவிட்டதே தவிர, இதையெல்லாம் அது தொடவே இல்லை.

சரி, அடிப்போனெக்டினை லேபில் பார்த்துவிடலாமா? வேண்டாம், காசுக்குக் கேடு. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களில் அது அதிகமாக இருந்தவர்களுக்கே ஆபத்து கூடியதாகச் சில ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது, அந்த எண்ணை வைத்து உங்களுக்கு ஒன்றும் முடிவு செய்ய முடியாது. கையிலிருக்கும் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட்டே போதும்: டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், ஹெச்டிஎல் 40க்குக் கீழ், இடுப்பு 90க்கு மேல் என்றால் தொப்பை வேலையைக் காட்டுகிறது என்று அர்த்தம்.

சாப்பாட்டில் பொன்னியை விட்டுவிடு என்றால் டெல்டாக்காரன் கேட்கமாட்டான், எனக்கும் சொல்ல வாய் வராது. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரையும் பொரியலும் போடுங்கள். நாகப்பட்டினம் மத்தி கிடைத்தால் குழம்பாக வையுங்கள், வறுவல் வேண்டாம். டிகிரி காபி குடிக்கலாம், சர்க்கரைதான் எதிரி. கள்ளும் சாராயமும் டிரைகிளிசரைடை ஏற்றும், அதில் பேரம் கிடையாது.

நடவுக்கும் அறுப்புக்கும் மிஷின் வந்தபின் வரப்பில் நடப்பதே குறைந்துபோயிற்று. எவ்வளவு நடக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, சாப்பிட்டபின் வாய்க்கால் கரையில் மெதுவாக நடங்கள். நெஞ்சு இறுக்கினால் உடனே உட்கார்ந்து, டாக்டர் கொடுத்த நாக்கடி மாத்திரையை வையுங்கள். 5 நிமிடத்தில் அடங்காவிட்டால் 108தான், பைக்கில் ஏறிக் கிளம்பாதீர்கள். அப்புறம், இடுப்பு இறங்குகிறதே என்று நீங்களாகவே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையையோ ஆஸ்பிரினையோ நிறுத்தக் கூடாது.

மாதம் ஒருமுறை அளந்து தினசரி காலண்டர் அட்டையிலேயே எழுதிவைத்து, அடுத்த செக்கப்புக்கு ரிப்போர்ட்டோடு அதையும் கொண்டுபோங்கள்.