"எனக்குப் பெரிய பாதி!": பின்னம் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்றாம், நான்காம் வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் எல்லாரும் பின்னத்தில் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். பலகையில் கோடு கோணலாகப் போவது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடலாம்.

கோடு போட்டுக் கொடுத்த படத்தில் வண்ணம் தீட்டச் சொல்வது

எப்போது பார்த்தாலும் எரிச்சல் வருவது இதற்குத்தான். நான்கு கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, "மூன்றில் வண்ணம் அடி, அது முக்கால்" என்கிறோம். பிள்ளைகள் எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். கட்டங்கள் சமமா என்று பார்க்கும் வேலையே அவர்களுக்கு வைக்கவில்லை. வீட்டில் "எனக்குப் பெரிய பாதி" என்று சண்டை போட்டு வருகிறவர்கள். பாதியில் பெரிசு, சின்னது உண்டு என்றே நம்புகிறார்கள்.

சோதித்துப் பாருங்கள். ஒரு செவ்வகத்தின் நடுவே கோடு போட்டு, வலப் பாதியை மட்டும் மறுபடி சமமாக இரண்டாக்குங்கள். சின்னத் துண்டு ஒன்றில் வண்ணம் அடித்து, "இது எவ்வளவு?" என்று கேளுங்கள். வண்ணத் தாளில் பத்துக்குப் பத்து வாங்கிய பிள்ளையும் "மூணுல ஒண்ணு டீச்சர்" என்று சொல்லும். விடை கால். இங்கே விட்டது பின்னால் 1/2 + 1/3 = 2/5 என்று வந்து நிற்கும்; 1/2-ஐவிட 1/4 பெரிது என்றும் வரும்.

பிள்ளைகளே மடித்து உண்டாக்கட்டும். 24 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் ஆளுக்கு நான்கு காகிதப் பட்டைகள். 24 ஏன் என்றால், 2, 3, 4, 6, 8 எதனாலும் மீதியின்றி வகுபடும். ஒன்று முழுசாக இருக்கட்டும். இரண்டாவதை நுனியோடு நுனி சேர்த்து ஒருமுறை மடித்தால் 12 செ.மீ., அரை. மூன்றாவதை இருமுறை மடித்தால் 6 செ.மீ., கால். நான்காவதை மூன்றாக்க 8, 16 செ.மீ.-இல் புள்ளி வைத்து மடிக்க வேண்டும். கண்ணளவில் மடித்தால் ஒரு துண்டு குட்டையாகிவிடும். மடிப்பில் வெட்டி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்த பிறகுதான் பெயர் சொல்ல வேண்டும்.

"நான்கில் மூன்று" என்று சொல்லி 4/3 என்று எழுதுவது

பிள்ளைமேல் பிழையில்லை. தமிழில் கீழ் எண்ணைத்தான் முதலில் சொல்கிறோம். முதலில் கோடு, "நான்கில்" என்று சொல்லிக் கீழே 4, "மூன்று" என்று சொல்லி மேலே 3. கையும் வாயும் சேர்ந்து போகட்டும்.

தொகுதி, பகுதி

மேல் எண்ணுக்குத் தொகுதி, கீழ் எண்ணுக்குப் பகுதி என்ற பெயர்கள் முதல் நாளே வேண்டாம். பகுதி என்றால் பிள்ளைக்குத் துண்டு.

வட்டத்தை மட்டுமே வெட்டுவது

வட்டமான இனிப்பான ஆற்காடு மக்கன் பேடாவைச் சமமாக மூன்றாக வெட்டப் பெரியவர்களுக்கே கை வராது. உள்ளே வைத்த பருப்பும் சிதறும். 12 புளியங்கொட்டைகளை மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். குவியலுக்கு நான்கு வரும், அதுவும் மூன்றில் ஒன்றுதான். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் அம்மா கால் கிலோ முள்ளுக் கத்திரிக்காய் கேட்பதைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். தராசின் ஒரு தட்டில் 1 கிலோ படிக்கல்லை வையுங்கள், மறு தட்டில் 250 கிராம் கற்களை ஒவ்வொன்றாக அவர்களே வைக்கட்டும். நான்காவது கல்லில் முள் நடுவுக்கு வரும்.