வராத இயர்பட்ஸுக்காகக் காத்திருப்பவர்களுக்கு

என் பழைய இயர்பட்ஸின் இடது பக்கம் பூன் கெங் நிலையம் வருவதற்குள் செத்துவிடும். சிங்கப்பூரில் காலை ஆறு மணி வாக்கில் பொங்கோலில் ரயில் ஏறுவேன். ஊட்ரம் பார்க்கில் இறங்கி, கிழக்கு மேற்கு ரயிலுக்கு மாறி, ஜூ கூன் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் முதல் இருபது நிமிடம்தான் இரண்டு காதிலும் ஒலி 96.8 வானொலி கேட்கும். அப்புறம் வலது காதில் பாட்டு, இடது காதில் சுரங்கத்தின் இரைச்சல். இப்படியே ஐந்து மாதம் போய்வந்தேன்.

பணம் இல்லாமல் இல்லை. ஒரு நிறுவனம் புது ஜோடி ஒன்றை அறிவித்திருந்தது, அதற்காகக் காத்திருந்தேன். முதலில் ஜூன் என்றார்கள். ஜூன் போனதும் மூன்றாம் காலாண்டு என்றார்கள். செப்டம்பரில் தேதியையே எடுத்துவிட்டு ‘விரைவில்’ என்று போட்டுவிட்டார்கள். இதே நிலையில் இருக்கும் ஒருவருக்காவது அந்த ஐந்து மாதம் மிச்சமாக வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தாமதம் எப்படிப்பட்டது?

2016 செப்டம்பர் 7ஆம் தேதி ஆப்பிள் தன் முதல் இயர்பட்ஸான ஏர்பாட்ஸைக் காட்டியபோது, அக்டோபர் கடைசியில் கிடைக்கும் என்றது. அக்டோபரில் ‘இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்’ என்று கேட்டது. டிசம்பர் 13ல்தான் விற்பனை தொடங்கியது. அதே ஆப்பிள் 2017 செப்டம்பரில் காட்டிய ஏர்பவர் சார்ஜ் பலகை எந்தக் கடைக்கும் வரவில்லை. 2019 மார்ச்சில் கைவிட்டார்கள். முதலாவதற்காகக் காத்திருந்தவர்கள் இழந்தது சில வாரம். இரண்டாவதற்காகக் காத்திருந்தவர்கள் இழந்தது ஒன்றரை வருடம்.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. ஏர்பாட்ஸுக்கு 159 அமெரிக்க டாலர் என்று விலை சொன்னார்கள். ஏர்பவருக்கு விலையே சொல்லவில்லை. நான் இப்போது முதலில் பார்ப்பது அதைத்தான். விலை உண்டா, சிங்கப்பூருக்கென்று தனியாகத் தேதி உண்டா, இங்கே கடைகள் முன்பதிவு எடுக்கின்றனவா? மூன்றும் இருந்தால் ஒரு மாதத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றுகூட இல்லையென்றால் அந்தப் பொருள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இந்த வசதி பிறகு மென்பொருள் அப்டேட்டில் வரும்’ என்று எழுதியிருந்தால் அந்த வசதி இல்லை என்றே கணக்குப் போடுங்கள். பெட்டிக்குள் இன்று இருப்பதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

அதோடு காத்திருக்க ஒரு காரணமும் வேண்டும். எங்கள் ஆலைக் கேன்டீனில் கூட வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டான்: “அக்கா, இப்பக் கடையில இருக்கறதுல இல்லாதது அதுல என்னக்கா இருக்கு?” யோசித்தேன். நாய்ஸ் கேன்சலிங், அதாவது வெளிச்சத்தத்தை அடக்கும் வசதி, இன்னும் நன்றாக இருக்குமாம் என்றேன். “யார் கேட்டுப் பாத்தா?” என்றான். ஒருவரும் கேட்டிருக்கவில்லை. விற்கிறவர்கள் சொன்னதை நான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே காத்திருப்பதை விட்டேன். நீங்கள் காத்திருக்கும் வசதியின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால், அது இப்போது வேறு எதிலும் இல்லையென்றால், ஒரு கடைசித் தேதி வைத்துக்கொண்டு காத்திருங்கள். அதுவரை இருபது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு டைப்-சி வயர் இயர்போன் போதும். அதற்கு பேட்டரிக் கவலை கிடையாது.

காதிலிருந்து தொடங்குங்கள்

துல்லிய உதிரிப்பாகங்கள் செய்யும் ஆலையில் தரச் சோதனை என் வேலை. எந்திரப் பகுதிக்குள் காதடைப்பு இல்லாமல் கால் வைக்கக் கூடாது. எட்டு மணி நேரச் சராசரி 85 டெசிபலைத் தாண்டும் இடம் அது. வருடத்துக்கு ஒரு முறை காதுச் சோதனையும் உண்டு. அங்கே படித்த பாடம்தான் இயர்பட்ஸ் வாங்கும்போது எனக்கு அதிகம் கைகொடுத்தது. காதுத்துளையை எது சரியாக அடைக்கிறதோ அதுதான் நல்லது. மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்.

நுனி ரப்பர் சரியாக உட்காராவிட்டால் முதலில் காணாமல் போவது பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி. மிருதங்கத்தின் இடந்தலை தகரத் தட்டு மாதிரி ஒலிக்கும். கூடவே நாய்ஸ் கேன்சலிங்கும் பாதியாகிவிடும், வெளிச்சத்தம் இடைவெளி வழியாக நேரே உள்ளே வந்துவிடுவதால். ‘இந்த மாடல் மோசம்’ என்று பலர் சொல்வது பெரும்பாலும் ரப்பர் அளவு தப்பாகப் போனதால்தான் என்பது என் எண்ணம்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது இப்படிச் செய்யுங்கள். வலது காதுக்கு, இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் லேசாக இழுங்கள். துளை நேராகும். அப்போது உள்ளே வைத்து, சற்றே திருப்பி, மடலை விடுங்கள். ஆலையில் பஞ்சு அடைப்பு வைக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. பிறகு பாட்டுப் போடாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணுங்கள். உங்கள் குரல் மண்டைக்குள் கனமாகக் கேட்டால் நன்றாக அடைத்திருக்கிறது. சாதாரணமாகக் கேட்டால் அடுத்த அளவை மாட்டுங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எனக்கு வலதுக்கு நடுத்தரம், இடதுக்குச் சிறியது. இது தெரியாமல் எத்தனையோ வருடம் இடது பக்கம் நழுவிக்கொண்டே இருந்தது.

அப்புறம் வாயை அகலத் திறந்து மூடுங்கள், கீழே குனிந்து நிமிருங்கள், பத்து நிமிடமாவது போட்டுக்கொண்டே கடையைச் சுற்றுங்கள். ஏழாவது எட்டாவது நிமிடத்தில்தான் வலி தெரியும். மாதிரிக்கு வைத்திருக்கும் ஜோடி பல காதுகளுக்குப் போய்வந்தது, ஆல்கஹால் துடைப்பான் கைப்பையில் இருக்கட்டும். ஒலியில் ஊறியவர்கள் கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபி கட்டடத்துக்குப் போவார்கள். எனக்கு சிம் லிம் ஸ்குவேரும் தேக்காவைச் சுற்றியுள்ள கடைகளும் போதுமாக இருந்தன. போட்டுப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

சுரங்கம், வேர்வை, தொலைபேசி

வடகிழக்குப் பாதை முழுக்க நிலத்துக்கடியில் ஓடுகிறது. நாய்ஸ் கேன்சலிங், வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து அதற்கு எதிர் அலையை உண்டாக்கும். ஒரே சீராக வரும் தாழ்ந்த உறுமலுக்கு, குளிர்சாதனத்துக்கு, விமானத்துக்கு அது அருமையாக வேலை செய்யும். வளைவில் சக்கரம் கிறீச்சிடுவதற்கும் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக்கும் அவ்வளவு உதவாது. அதைத் தடுப்பது ரப்பர்தான். தியோங் பாரு தாண்டி ரயில் வெளிச்சத்துக்கு ஏறியதும் எனக்கு அந்த வசதி பெரிதாகத் தேவைப்படுவதில்லை. ஆகவே பேருந்திலும் தரைக்கு மேல் ஓடும் ரயிலிலும் மட்டும் போகிறவர்கள் இதற்காக நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள்.

சுரங்கத்தில் தினமும் போகிறவர்களுக்கோ இது ஆடம்பரம் இல்லை. இரைச்சலை அமுக்கப் பாட்டை ஏற்றுகிறோம், ஏற்றியது ஏற்றியபடியே இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 83ல் 20 மணி, 86ல் 10 மணி. தினமும் இரண்டரை மணி நேரப் பயணத்தில் 86ஐப் பிடித்தால் வெள்ளிக்கிழமைக்குள் கணக்குத் தாண்டிவிடும். போன காது திரும்பி வராது. எங்கள் ஆலையில் ஓய்வுபெற்ற மூத்தவர்கள் சிலரிடம் பேசும்போது இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் காலத்தில் இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயர்பட்ஸ் வேலையிடத்துக் காதடைப்புக்கு மாற்றாகாது. எந்திரத்துக்குப் பக்கத்தில் அதை நம்பி நிற்காதீர்கள்.

வேர்வைக்கு ஐபிஎக்ஸ்4 என்ற நீர்க்காப்புத் தரம் போதும், எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். சார்ஜ் செய்யும் டப்பாவுக்கு அந்தக் காப்பு பெரும்பாலும் இருக்காது. மழையில் நனைந்ததைத் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள்.

எல்டாக் மாதிரி கோடெக் (பாட்டைச் சுருக்கிக் கம்பியில்லாமல் அனுப்பும் முறை) பெயர்களில் மயங்க வேண்டாம். ஐஃபோனில் அது வேலையே செய்யாது. ஆண்ட்ராய்டில் 2017ல் வந்த 8.0 பதிப்பு முதல் இருக்கிறது. ஆனால் அதன் உச்ச வேகமான 990 கேபிபிஎஸ்ஸில் ஜூரோங் ஈஸ்ட் நடைமேடைக் கூட்டத்துக்குள் பாட்டு துண்டு துண்டாகும். எத்தனை கைப்பேசிகள் அதே அலைவரிசையில் அங்கே இரைந்துகொண்டிருக்கின்றன! வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்பவர்களுக்குத்தான் அதன் பயன்.

மைக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். மதிய இடைவேளையில் தினமும் அம்மாவிடம் பேசுவேன். பழைய ஜோடியில் பேசினால், “என்னடி, கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு” என்பார். கடைக்கு வெளியே சாலையோரம் நின்று வீட்டில் ஒருவரை அழைத்துப் பேசிப் பார்க்கச் சம்மதிப்பார்களா என்று கேளுங்கள். நான் கேட்ட இடத்தில் வாசல்வரை விட்டார்கள். பேருந்து போகும்போது என் குரல் கேட்டதா என்று அம்மாவையே கேட்டேன்.

பழைய மாடல், ‘லோக்கல் செட்’, ரசீது

புதியது தள்ளிப்போகும்போது நமக்கு ஒரு லாபம் உண்டு. புதியது வருகிறது என்ற செய்தியிலேயே முந்தைய மாடலின் விலை இறங்கத் தொடங்கும். நான் வாங்கியது முந்தைய ஆண்டு மாடல். 269 வெள்ளிக்கு இருந்தது 178க்குக் கிடைத்தது. 9.9, 11.11 இணையத் தள்ளுபடி நாள்களில் இன்னும் இறங்கலாம். ஆனால் பெட்டியில் உற்பத்தித் தேதி இருந்தால் பாருங்கள். லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமல் வைத்தாலும் மூப்படையும். இரண்டு வருடம் கிடங்கில் கிடந்ததை நான் வாங்கமாட்டேன். ஒரு பக்கம் தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் தனியாக விற்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.

கடைக்காரரிடம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி: “இது லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா?” எக்ஸ்போர்ட் செட், அதாவது வேறு நாட்டுச் சந்தைக்கென்று செய்து இங்கே கொண்டுவந்தது, முப்பது நாற்பது வெள்ளி குறைவாக இருக்கலாம். ஆனால் பழுதானால் நிறுவனத்தின் உள்ளூர் சேவை மையம் ஏற்காமல் போகலாம், விற்ற கடையைத்தான் தேடிப் போக வேண்டும். இயர்பட்ஸைப் பிரித்துப் பழுதுபார்ப்பது அரிது, மாற்றித்தான் கொடுப்பார்கள். அதனால் இந்தப் பொருளுக்கு நான் எப்போதும் லோக்கல் செட் பக்கம்தான். இங்கே இன்னும் வராததை வெளிநாட்டு இணையக் கடையில் தருவிக்க நினைப்பவர்களும் இதையே யோசியுங்கள். 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு, இப்போது அது 9 விழுக்காடு. மிச்சம் என்று நினைத்தது அதிலேயே கரைந்துவிடும்.

முன்பணம் கட்டியவர்கள், தேதி தள்ளிப்போனால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். மனம் மாறியதற்காகப் பணத்தைத் திருப்பித் தர இங்கே கடைகளுக்குப் பொதுவாகச் சட்டக் கட்டாயம் கிடையாது. பழுதான பொருள் வேறு கதை. 2012 செப்டம்பரில் வந்த ‘லெமன் லா’ சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் கோளாறு, கொடுத்தபோதே இருந்தது என்றே கொள்ளப்படும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. கடை ஒத்துவராவிட்டால் பயனீட்டாளர் சங்கமும், சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கின்றன. பழைய பொருள்கள் கைமாறும் கரோசல் தளத்தில் தனி ஆளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. பிறர் காதில் இருந்தது, பேட்டரி எவ்வளவு தேய்ந்தது என்று தெரியாது. இயர்பட்ஸை மட்டும் நான் அங்கே வாங்குவதில்லை.

வாங்கியதும் ரசீதைப் படம் எடுத்து வையுங்கள், வெப்பத்தாளில் அச்சிட்டது சில மாதத்தில் வெளுத்துவிடும். முதல் வாரத்தில் கடுமையாகப் பயன்படுத்துங்கள். ஒரு நாள் முழுதாக சார்ஜ் செய்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அணைகின்றனவா என்று பாருங்கள். ஒன்று அரை மணி நேரம் முந்தினால் உடனே கடைக்கு எடுத்துப் போங்கள். இரவு முழுக்க டப்பாவுக்குள் வைத்துக் காலையில் சார்ஜ் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நான் வாங்கியதில் முதல் நாள் வலது பக்கம் 11 விழுக்காடு முந்தி இறங்கியது. மூன்றாம் நாளும் அப்படியே இருந்ததால் எடுத்துப் போனேன், பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போதிருக்கும் ஜோடி ஜூ கூன் போய்த் திரும்பிப் பொங்கோலில் இறங்கும்போதும் இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் வைத்திருக்கிறது.