ஃப்ளை ஃபிஷிங் பழகுவது எப்படி: மைதானப் புல்லில் தொடங்கி தீர்த்தன் ஆறு வரை

மண்புழு கோத்து, தக்கை மிதக்கவிட்டு, குளக்கரையில் உட்கார்ந்து மீன் பிடித்தவர்களுக்கு ஃப்ளை ஃபிஷிங் முதல் பார்வையில் குழப்பமாகத்தான் இருக்கும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை தங்கூஸை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே நேர் தலைகீழ். பூச்சி மாதிரித் தெரிய முள்ளில் இறகும் நூலும் சுற்றியதுதான் ஃப்ளை. அதற்கு எடையே கிடையாது, எடை முழுக்க லைன் என்ற தடித்த கயிற்றில் இருக்கிறது. நாம் வீசுவது லைனை, ஃப்ளை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. இது ஒன்று மனதில் உட்கார்ந்துவிட்டால் எந்தச் சாமானுக்குக் காசு செலவழிப்பது, எதைப் பழகுவது, எது தேவையில்லை எல்லாமே தெளிவாகிவிடும்.

நான் பழகியது இமாச்சலப் பிரதேசம் குல்லு மாவட்டத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கில். அங்கே இருப்பது பிரவுன் டிரவுட். ஐரோப்பிய மீன். 1900-ஆம் ஆண்டு வாக்கில் ஸ்காட்லாந்திலிருந்து காஷ்மீருக்கு முட்டைகளாக வந்து, அங்கிருந்து 1909-இல் குல்லு பக்கம் கொண்டுவந்து வளர்த்தார்கள். நம் நீலகிரியிலும் அவலாஞ்சியில் ஆங்கிலேயர் காலத்து டிரவுட் பண்ணை உண்டு, இலங்கையில் நுவரெலியா பக்கத்து ஓடைகளிலும் டிரவுட் விட்டார்கள். ஆனாலும் புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் சொல்வது தீர்த்தன்தான். உரிமம் வாங்குவது எளிது, ஆறு அகலமில்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு.

என்ன வாங்குவது

9 அடி நீளம், 5 வெயிட், நான்கு துண்டாகக் கழற்றக்கூடிய ராடு, அதாவது தூண்டில் கோல். வேறு யோசனையே வேண்டாம். நான்கு துண்டு என்றால் பேருந்திலும் விமானத்திலும் சுலபமாகக் கொண்டுபோகலாம். ஆக்‌ஷன் என்று ஒன்று போட்டிருப்பார்கள், ராடு வளைந்து நிமிரும் வேகம் அது, மீடியம்-ஃபாஸ்ட் எடுங்கள். ஃபாஸ்ட் ராடு கையில் எடுக்க கம்பீரமாக இருக்கும், ஆனால் புதியவர் கைக்கு லைனின் இழுப்பு தெரியாது. அந்த இழுப்பு கையில் தெரிந்தால்தான் எப்போது முன்னால் கொண்டுவருவது என்று உடம்புக்குப் புரியும். ஆர்விஸ், ரெடிங்டன், எக்கோ போன்ற கம்பெனிகள் ராடு, ரீல், லைன் மூன்றையும் சேர்த்து ஆரம்பநிலை செட்டாக விற்கின்றன. அது போதும்.

வெயிட் என்பது ராடின் எடை இல்லை. அந்த ராடுக்குப் பொருந்தும் லைனின் எடை. 5 வெயிட் லைன் என்றால் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம் இருக்க வேண்டும் என்று ஒரு பொது அளவு உண்டு. ஆக 5 வெயிட் ராடுக்கு 5 வெயிட் லைன். பெட்டியில் டபிள்யூ.எஃப்.5.எஃப். என்று பார்த்து வாங்குங்கள்: எடை முன்பக்கம் கூடியது, 5 வெயிட், மிதப்பது என்று பொருள்.

என் கருத்தைக் கேட்டால், காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதை லைனில் போடுங்கள், ரீலில் போடாதீர்கள். சின்ன ஆற்று டிரவுட்டுக்கு ரீல் என்பது லைன் சுற்றி வைக்கும் பெட்டிதான். பெரும்பாலும் லைனைக் கையால் இழுத்தே மீனைக் கொண்டுவருவோம். மலிவான லைனோ வளையத்தில் உரசிக்கொண்டே போகும், கொஞ்ச நாளில் மூழ்க ஆரம்பிக்கும், வீச்சு சரியில்லை என்று நீங்கள் உங்களையே குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

லைனின் நுனியில் லீடர், லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு. 9 அடி, அடியில் தடித்து நுனியில் மெலிந்து வரும், 4எக்ஸ் அல்லது 5எக்ஸ். எக்ஸ் எண் கூடினால் நரம்பு மெல்லிசு. 11-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்று வந்துவிடும். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6, மில்லிமீட்டரில் 0.15. லீடர் நுனி தேயத் தேயச் சேர்த்துக் கட்டும் துண்டு நரம்புக்கு டிப்பெட் என்று பெயர். ஃப்ளை அளவை மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய சரியான எக்ஸ் கிடைக்கும். 12-ஆம் எண் ஃப்ளைக்கு 4எக்ஸ், 16-க்கு 5எக்ஸ். ஃப்ளையிலும் எண் கூடினால் உருவம் சின்னது, மறந்துவிடாதீர்கள்.

ஃப்ளை நூறு அடங்கிய பெட்டி எல்லாம் வேண்டாம். மேலே மிதப்பதற்கு ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ். அடியில் போவதற்கு ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர். கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு ஊலி பக்கர். இந்த ஐந்தில் இரண்டு அளவு போதும். பாக்கெட் நிறைய உள்ள ஜாக்கெட்டும் வேண்டாம், இடுப்புப் பை போதும். ஆனால் போலராய்டு கண்ணாடி மட்டும் கட்டாயம். நீருக்குள் மீன் தெரிவதற்காக மட்டுமில்லை, பின்னாலிருந்து வேகமாக வரும் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பதும் அதுதான். தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள்.

ரீலில் பேக்கிங் நூல் சுற்றுவது, அதில் லைனை மாட்டுவது எல்லாம் செட்டிலேயே செய்து கொடுத்துவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

முடிச்சு

இரண்டு தெரிந்தால் போதும். லீடரையும் டிப்பெட்டையும் இணைக்க சர்ஜன் முடிச்சு: இரண்டு நரம்பையும் பக்கத்தில் வைத்து ஒரே வளையமாக்கி, அதற்குள் மூன்று முறை நுழைத்து இழுப்பது. ஃப்ளையைக் கட்ட கிளிஞ்ச் முடிச்சு: முள் கண்ணில் கோத்து, ஐந்து சுற்று சுற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் உள்ள ஓட்டையில் நுழைத்து, வரும் பெரிய வளையத்திலும் ஒருமுறை நுழைத்து இறுக்குவது. இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். காய்ந்த நரம்பு இறுகும்போது சூடாகி அங்கேயே பலம் போய்விடும்.

வீச்சு: இங்கேதான் நிற்க வேண்டும்

எனக்கு அதிக நாள் பிடித்தது இந்தப் படிதான், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். முதலில் ஆற்றுக்குப் போகாதீர்கள். மைதானம், பூங்கா, மொட்டைமாடி எதுவானாலும் சரி, புல்வெளி என்றால் நல்லது (சிமென்ட் தரை லைனைத் தேய்த்துவிடும்). ஃப்ளைக்குப் பதில் ஒரு துண்டு சிவப்புக் கம்பளி நூலைக் கட்டுங்கள். ராடு நுனியிலிருந்து 25 அடி லைனை நேராக முன்னால் விரித்துப் போடுங்கள். தொய்வு இருக்கக் கூடாது. ராடு நுனி தரைக்குப் பக்கத்தில்.

இப்போது மெதுவாக உயர்த்த ஆரம்பித்து, போகப் போக வேகம் கூட்டி, காதைத் தாண்டியதும் சட்டென்று நிறுத்துங்கள். கடிகார முள் கணக்கில் ஒரு மணி. கை கழுவிவிட்டு ஈரக் கையை உதறுகிறோமே, அந்த அசைவுதான்: மெதுவாகத் தொடங்கி, வேகமாகி, டக்கென்று நிற்பது. நின்றால்தான் வளைந்த ராடு நிமிர்ந்து, தன்னிடம் உள்ள விசையை லைனுக்குக் கொடுக்கும். நிறுத்தாமல் பின்னால் சாய்த்துக்கொண்டே போனால் லைன் தரையில் போய் விழும்.

நிறுத்தினீர்களா, இப்போது ஒன்றும் செய்யாதீர்கள். இந்த ஒன்றும் செய்யாத நேரம்தான் ஃப்ளை ஃபிஷிங். தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். லைன் ஒரு குறுகலான வளையமாக உருண்டு, வளையம் பின்னோக்கி ஓடி ஓடிச் சின்னதாகி, கடைசியில் சிவப்பு நூல் துள்ளி நேராகும். அந்த நூல் நேராகும் தறுவாயில் முன்னால் கொண்டுவந்து, பத்து மணியில் மறுபடி சட்டென்று நிறுத்துங்கள். லைன் முன்னால் விரிந்ததும் ராடைத் தாழ்த்துங்கள். அவ்வளவுதான் வீச்சு.

பார்க்காமல் எண்ணிக்கை வைத்துப் பழகாதீர்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணுவது 25 அடிக்குச் சரியாக இருக்கும், 35 அடிக்கு லைன் வெளியே போனதும் தப்பாகிவிடும். நீளம் கூடினால் காத்திருப்பும் கூடும். திரும்பிப் பார்ப்பதில் எந்த வெட்கமும் இல்லை.

சத்தத்தைக் கேளுங்கள். சாட்டை சொடுக்கிய மாதிரி சத்தம் வந்தால் அவசரப்பட்டு முன்னால் இழுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆற்றில் இதே சத்தம் வந்தால் நுனியில் ஃப்ளை இருக்காது. பின்னால் புல்லில் பட்டால் ஒன்று ரொம்ப நேரம் காத்திருக்கிறீர்கள், இல்லை மணிக்கட்டு சாய்கிறது. மணிக்கட்டுக்கு ஒரு வழி உண்டு: முழுக்கைச் சட்டை போட்டு ராடின் அடிக்கட்டையைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொள்ளுங்கள், மணிக்கட்டு மடங்கவே மடங்காது. லீடரில் தானாக முடிச்சுகள் விழுகின்றன என்றால் பலத்தை ஆரம்பத்திலேயே கொட்டுகிறீர்கள், கடைசியில் கூட்டுங்கள்.

பலம் என்றதும் ஒன்று. இதில் தோள் வலித்தால் ஏதோ தப்பு நடக்கிறது. சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் அழகாக வீசுகிறார்கள், ஏனென்றால் ராடை வேலை செய்ய விடுகிறார்கள். தினம் கால் மணி நேரம் போதும். வாரக்கடைசியில் நான்கு மணி நேரம் ஒரேயடியாக வீசுவது உதவாது.

தீர்த்தனில் பாதி இடங்களில் முதுகுக்குப் பின்னால் மரமும் பாறையும்தான். அங்கே பின்வீச்சு முடியாது, ரோல் காஸ்ட் வேண்டும். லைன் நீரிலேயே கிடக்க, ராடை மெதுவாகப் பின்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள், லைன் உங்கள் தோளுக்குப் பின்னால் அரைவட்டமாகத் தொங்கும். ஒரு நொடி விட்டு முன்னால் வேகமாக்கி நிறுத்துங்கள். லைன் நீரின் மேல் சக்கரமாக உருண்டு போய் விரியும். நுனி நீரில் பிடிப்போடு இருந்தால்தான் இது நடக்கும், புல்லில் வராது, அதனால் இதை மட்டும் ஏதாவது நீர்நிலையில் பழகுங்கள்.

ஆற்றில்

சண்டிகர் வழியாக மணாலி பேருந்தில் ஏறி ஔட் சுரங்கத்துக்கு முன்பே இறங்கி, பஞ்சார், அங்கிருந்து தீர்த்தன் கரையில் உள்ள குசைனி. நவம்பர் முதல் பிப்ரவரி முடிய டிரவுட் முட்டையிடும் காலம், பிடிக்கத் தடை. ஜூலை, ஆகஸ்டில் மழைக் கலங்கல். மிச்ச மாதங்களில் மார்ச் முதல் ஜூன் பாதி வரையும், செப்டம்பர் கடைசி, அக்டோபரும் நல்லது. மீன்வளத் துறை உரிமத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டே ஆற்றில் இறங்குங்கள்.

டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும், அதாவது நீர் வரும் பக்கம் பார்த்திருக்கும். நீங்கள் கீழிருந்து மேலே நடந்து போனால் அதற்கு முதுகுப்பக்கம் வருவீர்கள். ஆற்றின் நடுவில் பாயும் வேகத்தில் அது நிற்காது, சக்தி வீணாகும். பாறைக்குப் பின்னாலும் முன்னாலும் இருக்கும் அமைதியான இடம், வேகநீரும் மந்தநீரும் உரசும் கோடு, கரையோரக் குடைவு, இங்கேதான் நின்று சாப்பாடு மிதந்து வரக் காத்திருக்கும்.

அந்தச் சாப்பாடு எப்படி மிதந்து வருகிறதோ அப்படியே உங்கள் ஃப்ளையும் வர வேண்டும். பிரச்சினை என்னவென்றால் உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் வேகநீர் இருக்கிறது, அது லைனைப் பிடித்து இழுக்கிறது, ஃப்ளை நீரைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. எந்தப் பூச்சியும் அப்படி நீந்தாது. டிரவுட் திரும்பிக்கூடப் பார்க்காது. இதற்கு லைன் விழுந்த உடனே ராடு நுனியால் சின்ன அரைவட்டம் போட்டு லைனின் நடுப்பகுதியை நீர் வரும் பக்கமாகத் தூக்கிப் போடுவார்கள், மெண்டிங் என்று பெயர். தீர்த்தன் மாதிரிப் பாறை நிறைந்த ஆற்றில் இன்னும் சுலபமான வழி, கிட்டப் போவது. மண்டியிட்டு, குனிந்து, 15 அடிக்குள் நெருங்கி, ராடை உயர்த்திப் பிடித்து லைன் முழுவதையும் நீரைத் தொடவிடாமல் வைத்தால் இழுக்க எதுவும் இல்லை. தூரமாக வீசும் ஆசை எல்லாருக்கும் வரும், மீன் பெரும்பாலும் காலடியில்தான் இருக்கும்.

கடிக்கும் நொடி சத்தமில்லாதது. ஃப்ளை இருந்த இடத்தில் ஒரு சுழி, ஃப்ளை இல்லை. வெட்டி இழுக்காதீர்கள், ராடை உயர்த்தினால் போதும். அப்புறம் இடது கையால் லைனை இழுத்து, மீன் ஓடினால் விட்டு, நின்றால் இழுத்து வலைக்குக் கொண்டுவாருங்கள். தொடும் முன் கையை நனையுங்கள், காய்ந்த கை மீனின் மேல் உள்ள வழுவழுப்பை உரித்துவிடும். முள்ளில் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சின்ன முனையை முன்பே குறட்டால் அமுக்கி வைத்திருந்தால் கழற்றுவது ஒரு திருப்பு. பிரவுன் டிரவுட்டை நீர்மட்டத்திலேயே வைத்துப் பாருங்கள்: வயிறு வெண்ணெய் மஞ்சள், முதுகு காட்டுப் பழுப்பு, பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெளிர் வளையம். தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடியுங்கள், தானாகக் கையை விட்டுப் போகும்போது விடுங்கள். நான் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன், அந்த ஆற்றில் அது இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் நீர்மட்டம் ஏறும். காலையில் முழங்காலளவில் கடந்த இடம் மாலையில் தொடையைத் தாண்டலாம். அதனால் கடந்தால் மதியத்துக்குள் திரும்புங்கள், கையில் ஊன்றுகோல் இருக்கட்டும், செருப்போடு இறங்காதீர்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

லீடர் சுருள் சுருளாகவே நிற்கிறதாம். விரல்களுக்கு நடுவில் பிடித்து மெதுவாக உருவிவிடுங்கள், சூட்டில் நேராகும்.

மீன் அறுத்துக்கொண்டு போகிறது என்று நிறைய பேர் சொன்னார்கள். அறுந்த நுனியைப் பாருங்கள். பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தால் நரம்பு அறவில்லை, முடிச்சு நழுவியிருக்கிறது. சுற்றைக் கூட்டி ஈரப்படுத்தி இறுக்குங்கள். நேராக வெட்டினது போல் இருந்தால்தான் நரம்பு பழையது அல்லது மெல்லிசு.

இமாச்சல் போக முடியாது, ஊரிலேயே பழக முடியுமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. முடியும். நம் குளங்களில் உள்ள ஜிலேபி மீன் ஃப்ளையை எடுக்கும். ஏரி, குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் கேட்டுக்கொண்டு, 12-ஆம் எண் ஹேர்ஸ் இயரைக் கரையோரப் பாசிக்குப் பக்கத்தில் போட்டு, மூழ்க விட்டு, லைனை விரலளவு விரலளவாக இழுங்கள். லைன் நுனி லேசாக நகர்ந்தாலே ராடை உயர்த்திவிடுங்கள், ஜிலேபி கவ்விப் பார்த்துவிட்டு உடனே துப்பும்.