சிங்கப்பூரில் டிரஸ்ட் அமைக்க வழக்கறிஞரைத் தேடுவோருக்கு

குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வந்தவர்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் ஊரிலுள்ள பெற்றோரின் பராமரிப்பையும் எண்ணி டிரஸ்ட் (ஒருவரின் நலனுக்காகச் சொத்தை வேறொருவர் பொறுப்பில் வைத்து நிர்வகிக்கும் ஏற்பாடு) அமைக்க விரும்புவது இயல்பே. வழக்கறிஞரைத் தேடுவதற்கு முன், எந்தச் சொத்து எந்த நாட்டில் யார் பெயரில் இருக்கிறது, அது யாருக்கு எந்த வயதில் போய்ச் சேர வேண்டும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே தொழில் நடத்தும் வழக்கறிஞர் அதற்கான சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சட்ட அமைச்சின் இணையத்தளத்திலும் சிங்கப்பூர் வழக்கறிஞர் சங்கத்தின் பட்டியலிலும் பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம். வீடு வாங்கியபோது பத்திரம் பார்த்தவர் நல்லவராக இருக்கலாம். ஆயினும் உயில், டிரஸ்ட் வேலைகளையே தொடர்ந்து செய்பவரை நாடுவதே நல்லது. முஸ்லிம் குடும்பத்தினர் இஸ்லாமிய வாரிசுரிமைப் பங்கீட்டை நன்கறிந்தவரைத் தேட வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே, உங்களுக்கு டிரஸ்ட் உண்மையில் தேவைதானா என்று கேளுங்கள். பிள்ளைகள் வளரும்வரை பணத்தைப் பாதுகாப்பதுதான் நோக்கமென்றால், அதற்குரிய டிரஸ்ட்டை உயிலுக்குள்ளேயே அமைத்துவிட முடியும். நிரந்தரவாசியான பிறகு சேரும் மத்திய சேம நிதிப் (சிபிஎஃப் எனும் கட்டாயச் சேமிப்பு) பணம் உயிலுக்குக் கட்டுப்படாது. அது யாருக்குச் சேர வேண்டும் என்று தனி நியமனம் செய்ய வேண்டும். இறந்தவரின் சொத்துமீது விதிக்கப்பட்ட எஸ்டேட் வரி 2008 பிப்ரவரி 15 முதல் இங்கு இல்லை என்பதால், அந்த வரியைக் காட்டி அச்சுறுத்துபவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

வீடு விஷயத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டின்மீது, அக்கழகத்தின் முன் ஒப்புதல் இல்லாமல் டிரஸ்ட் ஏற்படுத்த முடியாது. தனியார் குடியிருப்பை உயிரோடிருக்கும்போதே டிரஸ்டுக்கு மாற்றினால், 2023 ஏப்ரல் 27 முதல் 65 விழுக்காடு கூடுதல் முத்திரைத் தீர்வையை முதலில் கட்டியாக வேண்டும். சில நிபந்தனைகள் பொருந்தினால் மட்டுமே அதில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கேட்காமலே இதை எடுத்துச் சொல்பவரை நம்பலாம் என்பது என் கருத்து. தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ உள்ள நிலத்திற்கு இந்தியச் சட்டமே பொருந்துவதால், அதற்கு அங்குள்ள வழக்கறிஞரின் ஆலோசனையும் தேவைப்படும்.

சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பை நம்பிக்கைக்குரிய உறவினரிடம் தரலாம். அதைத் தொழிலாகச் செய்யும் டிரஸ்ட் நிறுவனத்தை அமர்த்துவதானால், சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் அதற்கு உண்டா என்று பாருங்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளையின் பெற்றோர், அரசாங்க ஆதரவோடு லாப நோக்கமின்றி இதற்கென்றே இயங்கும் நிறுவனத்தில் தங்களுக்குத் தகுதி உண்டா என்று முதலில் விசாரிப்பது நலம்.

கட்டணம் மொத்தத் தொகையா, மணிக்கணக்கா, பின்னர் திருத்தம் செய்தால் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆவணம் ஆங்கிலத்தில் இருக்கும். உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ பெற்றோருக்கோ ஆங்கிலம் சரளமில்லையென்றால், கையெழுத்திடுமுன் ஒவ்வொரு பிரிவையும் தமிழில் விளக்கச் செய்யுமாறு தயங்காமல் கேளுங்கள்.