சிப்பாய் எந்தக் கப்பலில் ஊர் திரும்பினார்? 1945-ஐக் கணக்கிட்டுப் பார்ப்பது

ஐரோப்பாவில் போர் முடிந்து கப்பலுக்குக் காத்திருந்த அமெரிக்கத் தரைப்படைச் சிப்பாய் ஒருவரின் கடிதக்கட்டும் டிஸ்சார்ஜ் (படையிலிருந்து விடுவித்த) சான்றிதழும் கையில் இருந்தால், அவர் எப்போது, எந்த வகைக் கப்பலில் கிளம்பினார் என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். பயணிகள் பட்டியலைத் தேடி அலைய வேண்டாம். தரைப்படைக் கப்பல்களின் போர்க்காலப் பட்டியல்களை 1951-இலேயே அழித்துவிட்டார்கள்.

யாரை முதலில் ஊருக்கு அனுப்புவது என்று தரைப்படை புள்ளி போட்டுத்தான் முடிவு செய்தது. முதலில் அந்தப் புள்ளிக்கணக்கைப் போடுங்கள். 1940 செப்டம்பர் 16-க்குப் பிறகான பணியில் மாதத்துக்கு 1 புள்ளி. அதில் வெளிநாட்டில் கழித்த மாதங்களுக்குக் கூடுதலாக ஒவ்வொன்று. போர்முனை நட்சத்திரம் (ஒரு போர்த்தொடரில் பங்கேற்றதற்கான அடையாளம்) ஒவ்வொன்றுக்கும் 5, போரில் காயம்பட்டவர்களுக்கான பர்ப்பிள் ஹார்ட் போன்ற பதக்கத்துக்கும் 5. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 12, அதுவும் மூன்று பிள்ளைகள் வரைதான். மனைவிக்கு ஒன்றும் கிடையாது. பலர் இங்கேதான் 12-ஐச் சேர்த்துவிடுகிறார்கள். மாதங்களை டிஸ்சார்ஜ் நாள்வரை எண்ணுவது இன்னொரு தவறு. முதல் கணக்கு 1945 மே 12-உடன் நிற்கும், அடுத்தது செப்டம்பர் 2-உடன்.

1943 பிப்ரவரி 12-இல் சேர்ந்து, 1944 ஜனவரி 12-இல் கடல் கடந்தவர் என்று வையுங்கள். பணி மாதங்களுக்கு 27, வெளிநாட்டு மாதங்களுக்கு 16, இரண்டு நட்சத்திரத்துக்கு 10, ஒரு பர்ப்பிள் ஹார்ட்டுக்கு 5, ஆக 58. ஊர் திரும்ப மே மாதத்தில் 85 தேவைப்பட்டது. செப்டம்பர் 2-இல் எப்படியும் 64 ஆகியிருக்கும். வரம்பு அக்டோபர் 1-இல் 70-ஆகவும் நவம்பர் 1-இல் 60-ஆகவும் இறங்கியதால், இவர் முறை நவம்பரில்தான் வரும். சான்றிதழின் 55-ஆம் கட்டத்தில் 'ஏஎஸ்ஆர்' (இந்தப் புள்ளிக்கணக்கின் சுருக்கப் பெயர்) என்றும் பக்கத்தில் எண்ணும் இருந்தால் ஒப்பிடுங்கள். 5 இடித்தால் ஒரு நட்சத்திரம் விட்டுப்போயிருக்கலாம். 12 இடித்தால் பிள்ளையைப் பாருங்கள்.

பிரான்ஸின் லு ஹாவ்ர் துறைமுகத்தைச் சுற்றி, சிப்பாய்கள் கப்பலுக்குக் காத்திருந்த முகாம்களுக்கு சிகரெட் பெயர்கள்: லக்கி ஸ்ட்ரைக், பிலிப் மாரிஸ், ஓல்ட் கோல்ட். ஆனால் மே, ஜூன் மாதங்களில் லக்கி ஸ்ட்ரைக்கிலிருந்து கடிதம் வந்திருந்தால், ஆள் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்டவராகவும் இருக்கலாம். அவர்கள் புள்ளிக்காகக் காத்திருக்கவில்லை.

சான்றிதழில் உள்ள படைப்பிரிவின் பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது. புள்ளி நிறைந்தவர்களை ஊர் திரும்பும் பிரிவுகளுக்கு மாற்றி அனுப்பினார்கள். அதனால் கப்பலேறுவதற்குச் சில வாரம் முன்பு சேர்ந்த பிரிவே அதில் நிற்கும். போரிட்ட பிரிவைத் தெரிந்துகொள்ளப் பழைய கடித உறைகளைப் பாருங்கள். கப்பலைத் தேட, சான்றிதழில் உள்ள பிரிவுதான் வேண்டும்.

உண்மையான பிடி 36-ஆம் கட்டத்தில் இருக்கிறது: கிளம்பிய நாள், போகுமிடம், சேர்ந்த நாள். ஊர் திரும்பிய பயணத்தைச் சொல்லும் கடைசி வரியில் இரண்டு தேதிகளையும் கழியுங்கள். லு ஹாவ்ரிலிருந்து நியூயார்க்குக்கு 12 நாள் அளவில் என்றால், மணிக்கு 11 கடல் மைல் ஓடும் லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பலாக இருக்கலாம். 8, 9 நாள் என்றால் அதைவிட வேகமான விக்டரி வகை. 5 நாள் என்றால், பிரிட்டனிலிருந்து கிளம்பிய குவீன் மேரி போன்ற பெருங்கப்பல். குளிர்காலப் புயலில் இந்தக் கணக்கு ஓரிரு நாள் பிசகும்.

பிறகு, சேர்ந்த நாளுக்கும் அதற்கு முந்தைய நாளுக்கும் உரிய நியூயார்க் நாளிதழ்களை எடுங்கள். வரும் கப்பல்களையும் அவற்றிலுள்ள படைப்பிரிவுகளையும் அச்சிட்டிருப்பார்கள். பிரிவும் பயண நாட்களும் பொருந்தும் கப்பலைக் குறித்துக்கொள்ளலாம்.

சான்றிதழே இல்லையென்றால், அவர் வாழ்ந்த கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நீதிமன்றத்தில் முதலில் கேளுங்கள். ஊர் திரும்பிய பலர் அங்கே நகலைப் பதிந்து வைத்தார்கள். படைப்பணிக் கோப்புகளை வைத்திருக்கும் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்துக்கு, கோப்பு கேட்கும் படிவம் 180 அனுப்புவது அதற்குப் பிறகுதான். 1973 ஜூலை 12-இல் அங்கே நடந்த தீவிபத்தில் அந்தக் காலத் தரைப்படைக் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் எரிந்துபோயின.