திருநங்கை, திருநம்பி, இடைப்பாலினத்தவர்: மருத்துவமனைப் பணியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டிலேயே நலவாரியம் அமைந்துவிட்டதால், திருநங்கையரைப் பற்றி மருத்துவமனைப் பணியாளர்கள் ஓரளவு அறிவார்கள். அந்த அறிவை அப்படியே, பிறப்பில் பெண்ணெனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிக்கும், ஆண் அல்லது பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத உடற்கூறோடு பிறந்த இடைப்பாலினத்தவருக்கும் பொருத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஓ.பி. சீட்டு எழுதும்போதே எந்தப் பெயரில் அழைக்க வேண்டும் என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிடுங்கள். ஆதாரில் உள்ள பழைய பெயர் காப்பீட்டுக்குத் தேவையென்றால் அது கேஸ் ஷீட்டில் இருக்கட்டும். கூடத்தில் கூப்பிட டோக்கன் எண் போதும். தாடி வைத்த ஒருவரை அத்தனை பேர் முன்னிலையில் 'லட்சுமி' என்று அழைத்தால், அவர் மருத்துவரைப் பார்க்காமலே வெளியேறிவிடக்கூடும்.

துணைக்கு வருபவர் விஷயத்திலும் வேறுபாடு உண்டு. திருநங்கையோடு பெரும்பாலும் ஜமாத்தில், அதாவது திருநங்கையர் தமக்குள் அமைத்துக்கொண்ட குடும்பம் போன்ற சமூகத்தில், அவருக்குத் தாயாகவோ மகளாகவோ இருப்பவர் வருவார். அவரை 'சொந்தக்காரர் இல்லை' என்று வார்டுக்கு வெளியே நிறுத்தாதீர்கள். திருநம்பி பலர் தனியாகவே வருகிறார்கள், வீட்டுக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஆகவே வீட்டு எண்ணுக்கு அழைக்கும் முன் அவரிடம் கேளுங்கள். வயது வந்த, சுயநினைவுள்ள நோயாளியின் ஒப்புதலைத் தர வேண்டியவர் அவரே.

சிகிச்சையில் அடையாளத்தை மட்டும் பார்த்தால் போதாது. எந்த உறுப்பு இருக்கிறது, என்ன மருந்து உட்கொள்கிறார் என்பதை, வந்த நோய்க்குத் தேவையான அளவுக்கு மட்டும் கேட்க வேண்டும். காய்ச்சலுக்கு வந்த திருநங்கையை முதலில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அனுப்புவது மருத்துவமன்று, முன்முடிவு. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலியோடு வந்தால் ஹார்மோன் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். உடலில் பெண்தன்மை கூடுவதற்காகக் கருத்தடை மாத்திரைகளை மருந்துக்கடையில் தாமே வாங்கி உண்பவர்கள் உண்டு, அவற்றிலுள்ள ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். திட்டினால் உண்மை வெளிவராது. உடலைத் தம் பாலினத்துக்கேற்ப மாற்றும் பாலின உறுதி அறுவைசிகிச்சைக்குப் பிறகும் புராஸ்டேட் சுரப்பி பெரும்பாலும் உடலிலேயே இருப்பதால், வயதான திருநங்கையின் சிறுநீர்த் தொல்லையில் அதையும் நினைவில் கொள்ளுங்கள்.

டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொள்ளும் திருநம்பிக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். எனினும் அது கருத்தடை ஆகாது. கருப்பை வாய் இருக்கும்வரை அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனையும் தேவை. மகப்பேறு ஓ.பி. வரிசையில் ஓர் ஆண் நிற்பதாகப் பிறர் முறைக்கும் நிலையைத் தவிர்க்க, அவரை நேரே மருத்துவர் அறைக்கு அனுப்புவது நல்லது.

இடைப்பாலினத்தவருள் பலர் ஆணாகவோ பெண்ணாகவோ இயல்பாக வாழ்பவர்கள். அவர்களிடம் பாலின மாற்றம் பற்றிப் பேசத் தேவையே இல்லை. குழந்தைப் பருவத்தில் தம்மைக் கேளாமல் செய்யப்பட்ட அறுவைசிகிச்சையின் வடுவைச் சுமப்பவர்களும் உண்டு. அத்தகைய அறுவைசிகிச்சைகளுக்கு, உயிராபத்து இருந்தாலொழிய, தமிழக அரசு 2019-இல் தடை விதித்தது. அந்த வடுவோடு வருபவர்களை மாணவர் கூட்டத்துக்குக் காட்சிப்படுத்தாதீர்கள். பிறவியிலேயே அட்ரீனல் குறைபாடு உள்ளவர் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவரானால், வாந்தியாலோ உண்ணாநோன்பாலோ ஒரு வேளை மருந்து தவறுவதும் ஆபத்து. அதை உடனே பணிமருத்துவரிடம் சொல்லுங்கள்.

படுக்கை ஆண்கள் வார்டிலா, பெண்கள் வார்டிலா என்பதையும் நோயாளியிடமே கேளுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, அலுவலகத்தில் காட்டும் விடுப்புச் சான்றில், காய்ச்சலுக்கு வந்தவரென்றால் காய்ச்சல் என்று மட்டும் எழுதி, மற்ற விவரங்களை டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.