எந்த ஈயம் என்று கேளுங்கள்

ஓசூரிலிருந்து தருமபுரியில் எங்கள் தெருவுக்குக் குடிவந்திருக்கும் இளம் தம்பதி, சென்ற மாதம் ஒரு புதிய செப்புத் தவலையை வாங்கி வந்து என்னிடம் காட்டினார்கள். அதை வைத்து அவர்கள் செய்யவிருந்த ஒவ்வொன்றும் இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்து கெடுத்ததாகவே இருந்தது. அவர்களுடைய ஆசையில் குறை ஏதும் இல்லை. எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கும் மேலாகச் செம்பு வெப்பத்தைக் கடத்துவதால், தீ படும் இடம் மட்டும் காய்ந்து அடிபிடிக்காமல், பருப்பும் சாமைச் சோறும் ஒரே சீராக வேகின்றன. ஈயம் பூசாத செம்பில் புளியும் மோரும் ஆகாது, பச்சைக் களிம்பு ஏறிய பாத்திரத்தில் சமைக்கக் கூடாது என்பவற்றை எல்லோரும் அறிவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். மற்றத் தவறுகள் இவை.

காலிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவது

செப்புப் பாத்திரத்தின் உட்புறம் பூசுகிற வெள்ளீயம் (tin) 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தண்ணீரோ குழம்போ உள்ளே இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தாளிப்பதற்காக வெறும் பாத்திரத்தை கேஸ் அடுப்பில் ஏற்றிவிட்டுக் கடுகு டப்பாவைத் தேடிப் போனால், திரும்பி வருவதற்குள் பூச்சு முத்து முத்தாகத் திரண்டு, அடியில் செம்பு தெரியும். தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியே செய்து குழம்பில் கொட்டுங்கள். இந்தப் பாத்திரத்தில் எதையும் வறுக்க வேண்டாம்.

எந்த ஈயம் என்று கேளாதிருப்பது

“உள்ளே ஈயம் பூசித்தான் அக்கா கொடுத்தாங்க” என்றாள் அந்தப் பெண். எந்த ஈயம் என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. எனக்கும் அன்று விளங்கவில்லை. கல்யாணச் சீராக அம்மா கொடுத்த தவலையில் பூச்சு தேய்ந்தபோது, பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் ஒரு ஈயக் குச்சி வாங்கி வரச் சொன்னார். நான் ஒரு இரும்புச் சாமான் கடைக்குப் போய் “ஈயம்” என்று கேட்டேன். கடைக்காரர் தாம் அறிந்த ஈயத்தைக் கொடுத்தார். அது ஓட்டை அடைக்கவும் பற்றவைக்கவும் பயன்படுகிற, காரீயம் (lead) என்னும் நச்சு உலோகம் கலந்த குச்சி. பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, வெண்புகை கிளம்பக் குச்சியைத் தொட்டுப் பஞ்சால் இழுத்தபோது அது வெள்ளீயத்தைப் போலவே மினுங்கிப் படர்ந்தது. ஏழு மாதம் அதில் புளிக்குழம்பு வைத்தேன். என் பிள்ளைக்கு அப்போது மூன்று வயது.

பாத்திரக் கடையில் வேலை பார்த்த என் பெரியப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது மிச்சக் குச்சியை அடுப்படியில் கண்டார். அதை எடுத்துக் காதருகே வைத்து வளைத்தார், சத்தம் வரவில்லை. காகிதத்தில் கோடு இழுத்தார்; பென்சிலைப் போலச் சாம்பல் நிறக் கோடு விழுந்தது. அடுப்பில் இருந்த குழம்பை அவரே தூக்கிச் சாக்கடையில் ஊற்றினார். அந்தத் தவலையை அதன்பின் நான் அடுப்பில் ஏற்றவே இல்லை.

தமிழில் இரண்டு உலோகங்களையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் வந்த வினை இது. வெள்ளீயம் சமையலுக்குத் தீங்கற்றது. காரீயமோ புளியின் அமிலத்தில் மெல்லக் கரைந்து உடம்பில் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். காரீயத்தைவிட வெள்ளீயத்தின் விலை பல மடங்கு அதிகம் என்பதால், கேட்காதவருக்கு மலிவானதே கிடைக்க வாய்ப்புண்டு. இவ்வளவு தெரிந்த பின்பும் பூச்சு பளபளப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பொறுக்க முடிவதில்லை.

தூய வெள்ளீயத்தை வளைத்தால் நறநறவென்று மெல்லிய ஒலி கேட்கும். காரீயத்தில் நகம் பதியும், காகிதத்தில் கோடு விழும், கையில் எடுத்தால் அதே அளவு வெள்ளீயத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனக்கும். இரண்டும் கலந்த குச்சியில் இந்தச் சோதனைகள் ஏமாற்றக்கூடும். ஆகவே “வெள்ளீயம்” என்று முழுப் பெயர் சொல்லி, நம்பிக்கையான பாத்திரக் கடையில் நீங்களே கட்டியாக வாங்கிக் கொடுத்து, பூசி முடிக்கும்வரை புகை படாத தூரத்தில் அமர்ந்து பாருங்கள். என்ன பூசியது என்று தெரியாத பாத்திரத்தில் நெடுநாள் சமைத்திருந்தால், குழந்தைகளின் இரத்தத்தில் காரீய அளவைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கம்பி நார்

உட்புறத்தில் படவே கூடாது.

கறுத்துப்போன பூச்சைச் சுரண்டுவது

கறுப்பு அழுக்கன்று, வெள்ளீயத்தின் இயல்பு. செம்பு தெரிந்தால்தான் மறுபூச்சுக்கு நேரம்.

செப்புக்குடம் ஃபுளோரைடை எடுத்துவிடும் என்று நம்புவது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. இரவு முழுவதும் செப்புக்குடத்தில் நிற்கும் தண்ணீரில் கிருமிகள் பல மடியும் என்பது ஆய்வுகளில் தெரிந்த உண்மை. அதற்காக, ஃபுளோரைடு மிகுந்து பற்களில் கறை ஏற்றும் நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அதில் நிரப்பிக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடைச் செம்பு குறைப்பதில்லை. குடிக்கவும் சமைக்கவும் காவிரியிலிருந்து வரும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையே பிடித்து வையுங்கள்.